சிவகளை இரும்பு: 'அறிவியல்பூர்வமா நிரூபிச்சாச்சு' என்றால் என்ன அர்த்தம்?

2025 ஜனவரி 23. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கையை முதல்வர் மு.க.ஸ்டாலின் வெளியிட்டார். 5,300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தில் இரும்பு அறிமுகமாகிவிட்டது என்பது அறிவிப்பின் சாரம். அதற்கு முதன்மைச் சான்றாகச் சொல்லப்பட்ட இடம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருக்கும் சிவகளை. தாமிரபரணிக் கரை நாகரிகத்தின் ஒரு பெரிய இடுகாடு.

அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம், "உலகத்துக்கே இரும்பு கொடுத்தவன் தமிழன், அறிவியல்பூர்வமா நிரூபிச்சாச்சு" என்ற ஃபார்வர்டுகள். இன்னொரு பக்கம், "எல்லாம் அரசியல், இதெல்லாம் அறிவியலே இல்லை" என்ற பதில்கள். ஆற்றின் பெயரிலேயே தாமிரம் ஒலிக்கிறது, சண்டையோ இரும்புக்கு.

இரண்டு தரப்பும் 'அறிவியல்' என்ற சொல்லை ஒரு முத்திரை மாதிரித்தான் பயன்படுத்துகிறார்கள். குத்தினால் உண்மை, குத்தாவிட்டால் பொய். ஆனால், அந்த 5,300 என்ற எண் எப்படி வந்தது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், எது கிடைத்தால் அதைக் கைவிட வேண்டியிருக்கும்? இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அறிவியல் மெய்யியல். கல்லூரியில் பெரும்பாலும் யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. இன்ஜினீயரிங் படித்தவர்களுக்குச் சுத்தமாக இல்லை. சிவகளையை வைத்தே அதைப் பார்த்துவிடலாம். இதைவிட நல்ல உதாரணம் நம்ம ஊரில் கிடைக்காது.

அளந்தது இரும்பை அல்ல

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். சிவகளையில் வயது பார்க்கப்பட்டது இரும்புக்கு அல்ல. முதுமக்கள் தாழிகளில் இரும்புப் பொருட்களோடு தொடர்புடையதாகக் கிடைத்த கரித்துண்டுகளுக்கும், மட்பாண்ட ஓடுகளுக்கும்தான்.

"அப்போ இது ஏமாத்து வேலையா?" என்று கேட்காதீர்கள். தொல்லியலில் இதுதான் நடைமுறை. ஆனால் கரியின் வயதிலிருந்து இரும்பின் வயதுக்குப் போக ஒரு சங்கிலி தேவைப்படுகிறது. கரியில் மிச்சமிருக்கும் கார்பன்-14 அளவு, அந்த மரம் எப்போது செத்தது என்று சொல்கிறது. மரம் செத்த காலமும் கரி தாழிக்குள் போன காலமும் ஏறக்குறைய ஒன்று என்று வைத்துக்கொள்கிறோம். தாழிக்குள் பிறகு வேறு எதுவும் நுழையவில்லை என்று வைத்துக்கொள்கிறோம். கரியும் இரும்பும் ஒரே சமயத்தில் உள்ளே வைக்கப்பட்டன என்று வைத்துக்கொள்கிறோம். ஆய்வகத்துக்குப் போகும் வழியில் மாதிரி மாசுபடவில்லை என்றும் வைத்துக்கொள்கிறோம். இத்தனை கண்ணியும் அறுபடாமல் இருந்தால்தான் 'இரும்பின் வயது' என்ற வார்த்தை நிற்கும்.

பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துவெம் 1906-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் சொன்ன கருத்து இங்கே அப்படியே பொருந்தும். எந்தக் கோட்பாடும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, கூடவே துணை அனுமானங்களின் ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வருகிறது. சோதனை தவறாகப் போனால், தப்பு பட்டாளத்தில் யாருடையது என்று சோதனையே சொல்லாது. நாம்தான் தேட வேண்டும். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். டெஸ்ட் ஃபெயில் ஆனால் பிழை கோடில்தான் என்று இல்லை. டெஸ்ட்டிலேயே இருக்கலாம், சர்வரில் இருக்கலாம், கொடுத்த டேட்டாவில் இருக்கலாம்.

காலக்கணிப்பு முறைக்கே இது நடந்திருக்கிறது. 1949-ல் அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபி குழுவினர் கார்பன்-14 முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1960-ல் லிபிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவருடைய முறையில் ஒரு அனுமானம் இருந்தது: காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்திருக்கும் என்பது. வயது ஏற்கெனவே தெரிந்த எகிப்தியப் பொருட்களை வைத்துப் பார்த்தபோது, பழைய பொருட்களில் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகியது. மர வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது விஷயம் உறுதியானது. அந்த அனுமானம் தப்பு.

முறையையே தூக்கிப்போட்டார்களா? இல்லை. அரை ஆயுள் கணக்கை, அதாவது லிபி பயன்படுத்திய சுமார் 5,568 ஆண்டுகள் என்பதை, அப்படியே வைத்துக்கொண்டு, மர வளையங்களின் உதவியோடு ஒரு திருத்த வரைபடம் தயாரித்தார்கள். 5,000 ஆண்டுப் பழமையான பொருளுக்கு இந்தத் திருத்தம் மட்டுமே பல நூற்றாண்டுகள் வரும். சிவகளைக் கரியின் வயதும் அந்தத் திருத்தத்தைக் கடந்து வந்ததுதான். இன்னொன்று, திருத்திய பிறகு கிடைப்பது ஒரு வருடம் அல்ல, ஒரு கால இடைவெளி. தலைப்புச் செய்தியில் வருகிற 'கி.மு. 3345' என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தால் ஏதோ பிறப்புச் சான்றிதழில் இருப்பது போல இருக்கிறது. நம்ம பத்திரிகைகள் (இதையும் சேர்த்துத்தான்) அந்த இடைவெளியைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

ஒரு இடுகாடு, பல வயது

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். இதே சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லுக்கு, அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கொடுத்த காலம் கி.மு. 1155. இதை 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்கள், "பொருநை நாகரிகம் 3,200 ஆண்டு பழமையானது" என்று. பிறகு வந்த கரி மாதிரிகள் கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரை காட்டின. மட்பாண்ட ஓடுகளோ கி.மு. 25-ம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைக் காட்டின.

மட்பாண்டத்துக்குப் பயன்பட்டது வேறொரு முறை. ஓ.எஸ்.எல். என்பார்கள். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது சூளையிலோ வெயிலிலோ பட்டது என்பதை, அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றலை ஒளியாக வெளியேற்றி அளக்கும் முறை. கார்பனுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அதுதான் இதன் பலம். கரியில் மாசு இருந்தால் அது ஓ.எஸ்.எல்.லைப் பாதிக்காது. லக்னோவில் உள்ள பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடம், அமெரிக்க ஆய்வகம் என்று மாதிரிகள் பிரித்து அனுப்பப்பட்டதைப் பாராட்ட வேண்டும். ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ள முடியாத சாட்சிகள் ஒரே திசையில் கை காட்டினால் நம்பிக்கை கூடும்.

ஆனால் ஒரே திசையைத்தான் காட்டுகிறார்கள், ஒரே இடத்தை அல்ல. கரிக்கும் ஓட்டுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள். நெல்லுக்கும் மூத்த கரிக்கும் நடுவே 2,190 ஆண்டுகள். மூன்று விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, அந்த இடுகாடு நிஜமாகவே இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புழங்கியது. சாத்தியம்தான், தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் புதைப்பது நமக்குப் புதிதில்லை. இரண்டு, கரி பழைய மரத்துடையது. நெடுங்காலம் வாழும் மரத்தின் உள்வயிரம், மரம் வெட்டப்படுவதற்கு நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உயிர்ச் செயல்பாட்டை நிறுத்தியிருக்கும். அதன் கரி தாழியைவிட வயதானதாகத் தெரியும். ஆனால் இது சில நூற்றாண்டுகளைத்தான் விளக்கும், இரண்டாயிரத்தை விளக்காது. மூன்று, பழைய மண்ணில் இருந்த கரி எப்படியோ உள்ளே வந்தது. மூடி கலையாமல், உள்ளே மண் புகாமல் கிடைத்த தாழி என்றால் இந்த வாய்ப்பு குறையும்.

கவனித்தீர்களா? இந்த மூன்றும் இப்போது கையில் இருக்கும் எண்களோடு ஒத்துப்போகின்றன. ஒரே தரவை ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் விளக்க முடியும் என்பது அறிவியல் மெய்யியலில் பழைய தலைவலி. எந்தக் கதை என்று தீர்மானிக்கத் தரவை முறைத்துப் பார்த்தால் போதாது, மறுபடியும் மண்ணைத் தோண்ட வேண்டும்.

தோற்கத் தெரிந்த வாதம்

வியன்னாவில் பிறந்த கார்ல் பாப்பர் 1934-ல் ஒரு அளவுகோலை முன்வைத்தார். ஒரு கருத்து அறிவியலா என்று அறிய, அதற்கு எத்தனை ஆதாரம் இருக்கிறது என்று எண்ணாதே, எது நடந்தால் அது பொய்யாகும் என்று கேள். பதில் இல்லையென்றால் அது அறிவியல் அல்ல.

வாட்ஸ்அப் வாசகத்தை இந்த அளவுகோலில் வையுங்கள். "தமிழனே உலகின் மூத்த குடி." எது கிடைத்தால் இதைச் சொல்பவர் கைவிடுவார்? துருக்கியில் இன்னும் பழைய இரும்பு கிடைத்தால், "அதுவும் இங்கிருந்து போனதுதான்" என்பார். எந்தச் செய்தி வந்தாலும் ஜெயிக்கிற வாதம் அது. அதனால்தான் அதில் சரக்கு இல்லை.

தொல்லியல் துறையின் கூற்றை வையுங்கள். "கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதியில் சிவகளையில் இரும்பு இருந்தது." இது தோற்கக்கூடிய வழிகள் ஏராளம். அடுத்து திறக்கும் பத்துத் தாழிகளில் இரும்போடு கிடைக்கும் கரி, நெல் எல்லாம் கி.மு. 1200-ஐச் சுற்றியே வந்தால், மூத்த தேதிகள் ஆட்டம் காணும். ஓராண்டுப் பயிரான நெல்லுக்கு 'பழைய மரம்' பிரச்சினை கிடையாது என்பதால், அதே தாழியில் உமி கிடைத்தால் அது கரியைவிட நல்ல சாட்சி. இரும்பையே நேரடியாகவும் சோதிக்கலாம். கரியை எரித்து உருக்கிய இரும்பில் அந்தக் கரியின் கார்பன் கொஞ்சம் ஏறியிருக்கும். துரு தின்றுவிடாத உலோகம் போதுமான அளவு மிஞ்சியிருந்தால் அதையே காலக்கணிப்பு செய்ய முடியும். நம்ம ஊர் ஈரத்தில் 'மிஞ்சியிருந்தால்' என்பது பெரிய நிபந்தனைதான், ஆனால் முயற்சி செய்யலாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இரும்பு இருந்தது என்பது வேறு, இரும்பை உருக்கினார்கள் என்பது வேறு. எகிப்தின் கெர்சே என்ற இடத்தில் கிட்டத்தட்ட இதே காலத்து, 5,000 ஆண்டுக்கு முந்தைய இரும்பு மணிகள் கிடைத்திருக்கின்றன. அவை விண்கல்லை அடித்துத் தட்டிச் செய்தவை. துட்டன்காமனின் குத்துவாளும் விண்கல் இரும்புதான், நிக்கல் அளவு காட்டிக்கொடுத்துவிட்டது. சிவகளை இரும்பு தாதுவிலிருந்து உருக்கியதுதான் என்று உலோகவியல் ரீதியாகக் காட்டுவதும், அந்தக் காலத்து உலையையும் கசடையும் எங்காவது கண்டுபிடிப்பதும்தான் வாதத்தை முழுமையாக்கும். இடுகாட்டில் உலை கிடைக்காது, ஊரில்தான் கிடைக்கும். கொடுமணலில் உலைகள் கிடைத்தன, ஆனால் அதன் காலம் மிகவும் பிந்தையது.

இத்தனை பலவீனத்தைச் சொல்லிவிட்டு நான் சொல்ல வருவது இதுதான்: இப்படித் தோற்க வழி இருப்பதால்தான் சிவகளைக் கூற்று அறிவியல். அதை மேடையில் 'முடிந்த முடிவு' என்று அறிவிக்கும்போது, அதன் சிறந்த குணத்தையே நாம் பிடுங்கிவிடுகிறோம்.

வீலரின் கண்ணாடி

சரி, "பாடப்புத்தகத்தில் இரும்பு கி.மு. 1300-ஐ ஒட்டி, ஹிட்டைட்டுகளிடம் இருந்துதானே பரவியது, அதை மீறி எப்படி?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

1947-ல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். தென்னிந்தியப் பெருங்கற்காலத்தை, அதாவது இங்கே இரும்பு வந்த காலத்தை, கி.மு. 200-க்கு அருகே வைத்தார். எப்படி? அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அரிக்கமேட்டில் ரோமானியப் பானை ஓடுகளோடு கிடைத்த ஒரு வகை ஓட்டைத் துணையாகக் கொண்டு. அன்றைக்கு கார்பன்-14 கிடையாது. தேதி தெரிந்த ஒரே பொருள் ரோமிலிருந்து வந்தது. ஆகவே நம்முடைய வரலாறு முழுக்க ரோமின் ஆணியில் தொங்கியது. வீலர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று சொல்ல மாட்டேன். கையில் இருந்த ஆணி அது ஒன்றுதான்.

1960-களில் ஹல்லூரில் கார்பன் தேதி வந்ததும் கணக்கு கி.மு. 1000-த்துக்கு நகர்ந்தது. பிறகு உத்தரப் பிரதேசத்தின் மல்ஹர் போன்ற இடங்களிலிருந்து கி.மு. 1800-ஐ ஒட்டிய தேதிகள். 2022-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையிலிருந்து கி.மு. 2172. இப்போது சிவகளை.

தாமஸ் கூன் 1962-ல் எழுதியது இதைப் பற்றித்தான். விஞ்ஞானிகள் ஒரு சட்டகத்துக்குள் நின்று வேலை செய்கிறார்கள், அந்தச் சட்டகமே எதைக் கேட்கலாம், எதைப் பிழை என்று ஒதுக்கலாம் என்று தீர்மானிக்கிறது. கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்ற வரிசையே கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் தாம்சன் என்பவர் டென்மார்க் அருங்காட்சியகப் பொருட்களை அடுக்குவதற்காக 19-ம் நூற்றாண்டில் போட்ட வரிசை. தென்னிந்தியாவில் தனியான செம்புக் காலம் தெளிவாகத் தெரியவில்லை, புதிய கற்காலத்திலிருந்து கிட்டத்தட்ட நேரே இரும்புக்கு வருகிறோம். அப்படியானால் நாம் விதிவிலக்கா, அல்லது விதியே டென்மார்க்குக்கு மட்டுமானதா?

"இதுவரை கிடைக்கவில்லை, ஆகவே இல்லை" என்று வாதாடுவதன் ஆபத்தை 18-ம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் காட்டிவிட்டார். நேற்றுவரை நடந்ததை வைத்து நாளைக்கு உத்தரவாதம் தர முடியாது. நமக்கு அதற்கு ஹியூம் தேவையில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றது. அதற்கு முந்தைய வாரம்வரை "இந்தப் பக்கம் அப்படியெல்லாம் பெய்யாதுல்லா" என்று எல்லோரும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சந்தேகப்படுபவருக்கும் பொறுப்பு உண்டு

கூனைப் படித்துவிட்டு "எல்லாமே பார்வைதான்" என்று கிளம்பிவிடவும் கூடாது. சட்டகம் பிடிக்கவில்லை என்பதற்காகப் புதுத் தேதி சரியாகிவிடாது. அதே மாதிரி, புதுத் தேதி சௌகரியமாக இல்லை என்பதற்காக அது தப்பாகிவிடாது.

2025-ல் கீழடி அறிக்கை விவகாரத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையைக் கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து, திருத்தித் தரும்படி தொல்லியல் ஆய்வுத் துறை திருப்பி அனுப்பியது. அறிவியல் ஆதாரம் இன்னும் வேண்டும் என்று மத்திய அமைச்சர் தரப்பில் சொல்லப்பட்டது. ஆதாரம் கேட்பது தப்பே இல்லை, அதுதான் அறிவியலின் இயல்பு. ஆனால் நேர்மையாகச் சந்தேகப்படுபவர் எந்த ஆதாரம் என்று பெயர் சொல்லிக் கேட்பார். எந்த அடுக்கில், எந்த மாதிரி, எத்தனை, எந்த முறையில். இவ்வளவு வந்தால் ஒப்புக்கொள்கிறேன் என்பார். 'இன்னும்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டால், அதுவும் எப்போதும் தோற்காத வாதம்தான். பாப்பரின் அளவுகோல் பெருமைப்படுபவருக்கு மட்டும் செய்ததல்ல.

இதில் காசும் கோப்பும் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதை மெய்யியல் புத்தகங்கள் போதுமான அளவு சொல்வதில்லை. சிவகளைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆதிச்சநல்லூரைப் பாருங்கள். 1876-ல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார், பொருட்கள் பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரியா தோண்டினார், பொருட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-ல் மறுபடி தோண்டினார்கள். அந்த மாதிரிகளுக்குக் கார்பன் தேதி, கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்த பிறகு, 2019-ல்தான் வெளியே வந்தது. பதினைந்து வருடம்! ஒரு கோட்பாடு சோதிக்கப்படாமல் கிடப்பதற்குத் தர்க்கப் பிரச்சினைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேசை மேல் கிடக்கும் ஒரு கோப்பு போதும்.

அப்படியென்றால் என் நிலை என்ன என்று கேட்பீர்கள். தென்னிந்தியாவில் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் இரும்பு இருந்தது என்பதை நான் ஏற்கிறேன், பல இடங்கள், பல ஆய்வகங்கள், பல குழுக்கள் அதைச் சொல்கின்றன. மூன்றாம் ஆயிரத்தாண்டு என்பதை அனேகமாக ஏற்கிறேன், ஏனென்றால் மயிலாடும்பாறையும் சிவகளை ஓடுகளும் வெவ்வேறு முறையில் அங்கே வந்து நிற்கின்றன. கி.மு. 3345 என்பதை இப்போதைக்கு ஒரு நல்ல, துணிச்சலான முன்மொழிவாக எடுத்துக்கொள்கிறேன். அடுத்த சில தாழிகள் அதை எந்தப் பக்கமும் தள்ளலாம்.

நெல்லை ரெட்டியார்பட்டியில் அமைந்திருக்கும் பொருநை அருங்காட்சியகத்துக்கோ, கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகளைப் பார்க்கும் ஆதிச்சநல்லூருக்கோ லீவில் வரும்போது போயிருப்பீர்கள், இல்லையென்றால் போங்கள். இரும்பு வாளுக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டையை ஒருமுறை நின்று படியுங்கள். அதில் போட்டிருக்கும் வயது வாளுடையதா, கரியுடையதா, நெல்லுடையதா, எந்தத் தாழியில் எடுத்தது, எந்த ஆய்வகம் பார்த்தது? எழுதியிருக்கவில்லை என்றால், வெளியே வரும்போது பார்வையாளர் குறிப்பேட்டில் அதைக் கேட்டு நாலு வரி எழுதிவிட்டு வாருங்கள்.